முள்ளெலித் தொட்டி

ஏப்ரல் 19, ஞாயிறு

என் மகன் கபிலன் கடந்த வியாழக்கிழமை காலை, இந்த ஊர்க் கரைக்கு எதிரே உள்ள குருசடிப் பாரில் இறங்கினான். இதை எழுதும் வரை கரை திரும்பவில்லை. இவ்விரண்டு வாக்கியங்களுக்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

பார் என்பது கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டு. கரையிலுள்ள குருசடிக்கு, அதாவது சிறிய சிலுவைக் கோயிலுக்கு, நேரே இருப்பதால் அந்தப் பெயர். அங்கே ஒரு சிறிய வகைக் கடல் முள்ளெலி வாழ்கிறது. நெல்லிக்காய் அளவுதான். முட்கள் கருஊதா, நுனி மட்டும் வெள்ளை. பாறைப் பொந்துகளில் ஒட்டிக் கிடக்கும். இதுவரை யாரும் பெயரிடாத இனம் அது என்பது கபிலனின் கருத்து. அதை நிறுவுவதற்காகவே மனைவி சுகந்தியுடன் ஓராண்டாக இங்கே வாடகை வீட்டில் இருக்கிறான். அவனைப் படகில் கொண்டு சென்றவர் கிளீட்டஸ். மூச்சடக்கி முங்கிச் சிப்பி எடுப்பது அவர் தொழில். கபிலன் காற்று உருளையுடன் பாரின் தென்புறம் இறங்க, இவர் சற்றுத் தள்ளிச் சிப்பி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"சாரே, குமிழி வருதான்னு பாத்துட்டேதான் இருந்தேன். ஒரு முங்கு முங்கி ஏறினேன், குமிழியக் காணல. அம்புட்டுதான் நேரம்" என்றார். கண்கள் உப்பில் சிவந்து வீங்கியிருந்தன. அன்றிலிருந்து அவரும் ஊர்க்காரர்களும் தேடுகிறார்கள்.

நேற்று காவல் நிலையம் சென்றேன். ஆய்வாளர் 'கடலில் மூழ்கி இறந்திருக்கலாம்' என்று எழுதத் தொடங்கினார். மறுத்தேன். அப்படிப் பதிவானால் ஒரு வாரத்தில் கோப்பு மூடப்படும். பின் எவரும் தேடமாட்டார். 'காணவில்லை' என்றே பதிய வேண்டும் என்றேன். கோப்பு திறந்தே இருக்கும் பொருட்டு, என் மனுவின் இறுதியில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: 'உடன் சென்றவரின் நடத்தை குறித்தும் முறையான விசாரணை தேவைப்படுகிறது.'

ஆய்வாளர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சார், உங்களுக்கு நான் சட்டம் சொல்லக் கூடாது. ஆனா இது கடல் விஷயம். அந்தக் கிளீட்டஸ் தேடித் தேடித் தண்ணிக்குள்ளயேதான் கெடக்கான், பாவம்."

"யார் மீதும் நான் குற்றம் சாட்டவில்லை. விசாரணை தேவை என்றுதான் எழுதியிருக்கிறேன்."

"எழுதியிருக்கதப் பாத்துதான சார் நாங்க நடக்கணும்."

வாக்கியத்தில் பிழையில்லை. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

கபிலனின் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அகலமானது, ஆழமில்லாதது. காற்றுக்குழாய் ஓயாமல் குமிழ்விடுகிறது. அதில் அவன் பாரிலிருந்து கொண்டுவந்த முள்ளெலிகள். பகலில் கல்லிடுக்கில் அசைவற்றுக் கிடப்பவை, அந்தி சாய்ந்ததும் கண்ணாடியில் ஏறுகின்றன. முட்களுக்கிடையே நூல் போன்ற கால்களை நீட்டி, சிப்பித் துண்டு, பாசி என அகப்பட்டதையெல்லாம் முதுகின் மேல் எடுத்து வைத்துக்கொள்கின்றன. வெளிச்சத்துக்குக் கூச்சமாக இருக்கலாம் என்று சுகந்தி சொன்னாள். அவளுக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

தொட்டியில் நீர் ஒரு விரல் குறைந்திருந்தது. கோடைவெயிலும், தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியும் காரணம். கரைக்குச் சென்று, அலை கலங்காத இடத்தில் குடத்தில் மொண்டு, துணியில் வடிகட்டி ஊற்றினேன். அவன் திரும்பும்போது அவன் வைத்தது வைத்தபடி இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த வரையில் இங்கே நான் செய்யக்கூடிய பயனுள்ள செயல் இது ஒன்றுதான்.

ஏப்ரல் 24, வெள்ளி

இன்று கள்ளக்கடல். காற்றில்லை, மழையில்லை, வானம் தெளிவு. ஆனால் கடல் மட்டும் எழுந்து சாலைவரை வந்துவிட்டது. தேட வந்திருந்த தீயணைப்புத் துறையினர் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். கடல் அடங்கியதும் வருவார்களா என்று கேட்டேன். "சொல்லுவாங்க சார்" என்றார் ஒருவர். யார் சொல்வார்கள், யாருக்குச் சொல்வார்கள் என்பது தெளிவாகவில்லை.

நீர் குறைந்திருந்தது. ஊற்றினேன்.

ஏப்ரல் 27, திங்கள்

கிளீட்டஸின் படகையும் இயந்திரத்தையும் காவல் துறையினர் கைப்பற்றியிருக்கிறார்கள். விசாரணைக்கு அவர் தினமும் வர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்களாம். நடைமுறைப்படி இது எதிர்பாராததல்ல. மனு உயிருடன் இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

சுகந்தியிடம் இதைச் சொன்னேன். சோற்றுப் பானையை இறக்கிவைத்தபடியே கேட்டாள்: "அப்ப நாளைக்கு யாரு மாமா கடலுக்குப் போவா?"

ஏப்ரல் 29, புதன்

காலையில் கிளீட்டஸின் மனைவி மெற்றில்டா வாசலில் வந்து நின்றார். உள்ளே அழைத்தேன். வரவில்லை. தெருவில் நின்றே பேசினார். ஏழெட்டுப் பேர் கூடினார்கள்.

"வக்கீலு சாரே, எங்க வீட்டு ஆளு ஒங்க மவன முழுங்கியா வச்சிருக்காரு? வயித்தக் கீறிப் பாக்கியளா? மூணு நாளு ஒறங்காம முங்கினாரு. காதுலருந்து செவச்செவன்னு சோர வந்துது. கொள்ளை அடிச்சவன மாதிரி இப்பம் ஸ்டேஷன் வராந்தாவுல குத்த வச்சிருக்காரு!"

"அம்மா, நான் அவர் மேல் எந்தக் குற்றமும்..."

"ஒங்க மவனுக்கு எங்க வீட்டு மரச்சீனிக் கெழங்கும் சாளக்கறியும்னா உசிரு. 'அக்கா, இன்னும் ரெண்டு வைய்யி'ன்னு சட்டிய வழிச்சித் திங்குற பய. அவன நாங்க கொல்லுவமா? சொல்லும்! படிச்ச ஆளுதான?"

வழக்கு நிலுவையில் இருக்கும்போது எதிர்த்தரப்புடன் பேசுவது முறையல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். 'எதிர்த்தரப்பு' என்ற சொல் சரியா என்ற ஐயத்தில் நிறுத்திக்கொண்டேன். அதற்குள் சுகந்தி வெளியே வந்துவிட்டாள். மெற்றில்டா அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்திச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். இருவரும் தெருவிலேயே ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் உள்ளே வந்து காற்றுக்குழாயைச் சரிபார்த்தேன்.

மே 2, சனி

கடல் அடங்கிவிட்டது. கரையில் நின்று பார்த்தால் குளம் போல் இருக்கிறது. குருசடிப் பாருக்கு நேரே ஒரு படகும் இல்லை.

மற்ற சிப்பிக்காரர்களிடம் நேரில் சென்று கேட்டேன். மரியாதையாக நாற்காலி போட்டார்கள். ஒருவர் மட்டும் வெளிப்படையாகப் பேசினார்: "போவலாம் சாரே. ஆனா எடுத்துட்டு வந்தா, 'ஒனக்கு எப்பிடிக் கெடச்சுது, நீ எப்பிடிக் கண்டா'ன்னு எங்களையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவான். தேடப் போனவனுக்கே இந்தக் கதி. போவாதவன ஒண்ணும் கேக்கமாட்டான். பின்ன, கிளீட்டஸ் அவர எறக்கின எடம் அவனுக்குத்தான் தெரியும். பாரு என்ன, ஒங்க வீட்டு முற்றமா? ஒரு பனை ஆழம், நூறு பொந்து."

சட்டப்படி அப்படி அழைக்க முடியாது என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது சுகந்தி சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது இங்கே வந்தபின் அதுதான் முதல்முறை. "கடலுக்கே சம்மன் அனுப்பிருங்க மாமா. அது வந்து கூண்டுல நிக்கும்."

பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அவிய உயிரோட வருவாவன்னு நான் நினைக்கல. நினைக்கலன்னு சொன்னா நீங்க கோவப்படுவியன்னு சொல்லாம இருந்தேன். எனக்கு அவிய வேணும். எப்பிடி இருந்தாலும் சரி. ஜூன்ல எடவப்பாதி மழை பிடிச்சா அதுக்கப்புறம் ஆவணி வரைக்கும் யாராலயும் முங்க ஒக்காது. அதுக்குள்ள வேணும் மாமா. அந்த மனுவ வாபஸ் வாங்குங்க."

யோசிப்பதாகச் சொன்னேன். மனுவைத் திரும்பப் பெற்றால் எஞ்சுவது 'கடலில் மூழ்கி' என்பது மட்டுமே. அந்தச் சொற்களுக்கு அடியில் ஒரு தகப்பனின் கையொப்பம் வேண்டும்.

மே 6, புதன்

நீர் ஊற்றினேன். வேறு ஒன்றும் இல்லை.

மே 9, சனி

முள்ளெலி ஒன்று இறந்துவிட்டது. காலையில் தொட்டியின் அடியில் மல்லாந்து கிடந்தது. வாய் மேலே தெரிந்தது. உள்ளே ஐந்து பற்கள் ஒரு புள்ளியில் கூடியிருந்தன. கரண்டியால் எடுத்தபோது முட்கள் கொட்டின.

நான் ஏதோ தவறவிட்டிருக்க வேண்டும். நீரில் தூசி இருந்திருக்கலாம். இனி இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டுவேன். கரையோரத்து நீரில் படகு எண்ணெய் கலந்திருக்கக்கூடும் என்பதால், பாறைகளைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் மொண்டு வர வேண்டும். பழைய நீரில் ஒரு குவளைகூட வெளியே ஊற்றவில்லை. அது பாரிலிருந்து கபிலன் கொண்டுவந்த நீர்.

மே 13, புதன்

மேலும் இரண்டு. இம்முறை பாறையைத் தாண்டிப் போய் மொண்டுவந்ததில் முழங்கால் சிராய்த்துவிட்டது. சுகந்தி மஞ்சள் பூசினாள். "விடுங்க மாமா, அதுக்கு விதி அம்புட்டுதான்" என்றாள். விதி என்பது காரணம் தெரியாதவர் சொல்லும் சொல். காரணம் இருக்கும்.

ஆய்வாளர் தொலைபேசியில் பேசினார். விசாரணையில் புதிதாக ஒன்றுமில்லையாம். "கிளீட்டஸ் டெய்லி வாரான் சார். சொன்னதையேதான் சொல்றான். நீங்க ஒரு வார்த்த சொன்னா..." சொல்லவில்லை. கபிலன் வேறு கரையில் ஒதுங்கியிருக்கக்கூடும். நினைவு தவறியிருக்கக்கூடும். கேரளத்துக் கரையில் ஏதேனும் ஒரு மருத்துவமனையில் பெயர் தெரியாதவனாகக் கிடக்கக்கூடும். விழிஞ்ஞம் முதல் கொல்லம் வரை எழுதிக் கேட்டிருக்கிறேன். 'இல்லை' என்று இன்னும் பதில் வராத இடங்கள் உண்டு.

மே 17, ஞாயிறு

கண்ணாடியில் ஏறுபவை எதுவும் இல்லை. அந்தி சாய்ந்தும் எல்லாம் கல்லிடுக்கிலேயே கிடந்தன. முதுகில் வைத்திருந்த சிப்பித் துண்டுகளைக் கீழே விட்டுவிட்டன.

மே 20, புதன்

கபிலனுடன் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜாஸ்பின் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேரே தொட்டிக்கு வந்து குனிந்து பார்த்தார். பையிலிருந்து ஒரு சிறு கருவியை எடுத்து, அதன் மேல் ஒரு துளி நீரை விட்டுக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அங்கிள், கொறயற தண்ணிக்கு என்ன ஊத்தினீங்க?"

"கடல் நீர்தான். நானே மொண்டு வருவேன். துணியில் வடிகட்டி."

"தினமும்?"

"ஒரு நாளும் தவறவில்லை."

அவர் கருவியை மூடிப் பையில் வைத்தார். வைக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டார். "ஆவியாப் போறது வெறும் தண்ணி மட்டும்தான் அங்கிள். உப்பு இங்கயேதான் இருக்கும். அதனால கொறயறதுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும். கபிலன் கெணத்துத் தண்ணிதான் விடுவாரு. நீங்க அதுக்கு மேல மேல..." அத்தோடு நிறுத்திக்கொண்டார். "ஒங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நல்லாத்தான் பாத்திருக்கீங்க."

உப்பு ஆவியாவதில்லை என்பது பள்ளியில் படித்ததுதான். உப்பளங்களின் வழியாகவே ஆண்டுக்கணக்கில் தூத்துக்குடி நீதிமன்றத்துக்குப் போய் வந்திருக்கிறேன்.

எஞ்சியவற்றை ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றால் பிழைக்குமா என்று கேட்டேன். "பிழைக்காது அங்கிள்" என்றார். பொய் சொல்லாததற்கு நன்றி சொன்னேன். பிறகு இறந்தவற்றைச் சாராயப் புட்டியில் இட்டு எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார். கபிலன் தொடங்கியதை அவர் முடித்து வெளியிட முயல்வாராம். "பேரு வைக்கணும்னா உடல் இருந்தாப் போதும். உயிரோட இருக்கணும்னு இல்ல. உடலே இல்லன்னாதான் ஒண்ணும் பண்ண முடியாது."

சொன்ன பிறகுதான் சுகந்தி கதவருகே நிற்பதைக் கவனித்தார். முகம் வெளிறிவிட்டது. சுகந்தி மட்டும், "எடுத்துக்கிடுங்க ஜாஸ்பின். டீ போடுதேன், இருங்க" என்றாள்.

மே 21, வியாழன்

காவல் நிலையம் சென்றேன். முந்தைய மனுவின் இறுதி வாக்கியத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். கபிலன் கடலில் மூழ்கியதாகவே நம்புகிறேன் என்ற வாக்கியத்தையும் எழுதினேன். ஆய்வாளர் தண்ணீர் வரவழைத்தார். குடிக்கவில்லை.

படகு இப்போது ஆய்வாளர் வசத்தில் இல்லையாம். நீதிமன்றத்தில் வழக்குச் சொத்தாகக் கணக்கு காட்டியாகிவிட்டது. விடுவிக்க நீதிமன்ற ஆணை வேண்டும்.

கிளீட்டஸ் வராந்தாவில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். "உட்காருங்கள்" என்றேன். அவர் உட்காரவில்லை. நானும் நின்றேன்.

மே 25, திங்கள்

கோடை விடுமுறை. நடுவர் விடுப்பில் இருக்கிறார். பொறுப்பு நடுவர் வேறு ஊரில் அமர்கிறார். படகை விடுவிக்கக் கோரும் மனுவை நானே எழுதினேன். ஓய்வுபெற்றபின் அங்கி அணியவில்லை. ஊர் வீட்டில் பெட்டியடியில் இருந்ததை வரவழைத்தேன். காவல் துறையின் ஆட்சேபணையின்மைக் கடிதம் இணைக்கப்படவில்லை என்று மனு திருப்பப்பட்டது. குறை சரியானதே. அந்த இடத்தில் நான் இருந்தாலும் திருப்பியிருப்பேன்.

மே 27, புதன்

மீன்வளத் துறைப் பதிவுச் சான்றின் நகல் தெளிவாக இல்லை என்று மறுபடி திருப்பப்பட்டது. வானிலை அறிக்கை: பருவமழை கேரளக் கரையை நெருங்குகிறது.

கிளீட்டஸ் என்னுடன் பேருந்தில் வந்தார். வழியில் ஒரே ஒரு முறை பேசினார். "சாரே, நீங்க சாப்பிட்டியளா?"

மே 30, சனி

ஆணை கிடைத்தது. பிணை நான். படகு காவல் நிலையத்தின் பின்புறம் மணலில் கவிழ்ந்து கிடந்தது. பலகை வெயிலில் விரிந்திருந்தது. மெற்றில்டாவும் அவர் தம்பியும் மாலைவரை இடுக்குகளை அடைத்தார்கள். நான் விளக்கெண்ணெய்க் குப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அந்தால வையும் சாரே, மணல் விழும்" என்றார் மெற்றில்டா. அவர் என்னிடம் பேசியது அவ்வளவே.

தொட்டி காலி. காற்றுக்குழாயை நிறுத்தினேன்.

ஜூன் 1, திங்கள்

விடியற்கருக்கலில் புறப்பட்டோம். கிளீட்டஸ், அவர் மச்சான், நான். வேண்டாம் என்று தடுத்தார்கள்; நான் ஏறிவிட்டேன். சுகந்தியும் மெற்றில்டாவும் குருசடியின் படியில் அமர்ந்திருந்தார்கள்.

மேற்கே வானம் கறுத்திருந்தது. அலை நீண்டு உருண்டு வந்தது. கிளீட்டஸ் குருசடியையும் அதற்குப் பின்னால் ஒற்றையாக நிற்கும் பனையையும் ஒரே நேர்க்கோட்டில் கொண்டுவந்து படகை நிறுத்தச் சொன்னார். சிலுவை போட்டுக்கொண்டு குதித்தார்.

பலமுறை முங்கினார். ஒவ்வொரு முறை ஏறும்போதும் என்னைப் பார்க்காமல் மச்சானைப் பார்த்துத் தலையசைத்தார். மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. போதும் என்றேன். கேட்கவில்லை. பாரின் தென்முனையில் ஒரு குடைவான பாறைக்கு அடியில், இறுதியாக, கபிலனின் ஈயக் கச்சை கிடைத்தது. முங்குபவர்கள் மேலே மிதந்துவிடாமல் இருக்க இடுப்பில் கட்டும் எடைக்கச்சை அது. அதில் அவன் பெயரின் முதலெழுத்து பொறித்திருக்கிறது.

வேறு எதுவும் இல்லை.

கச்சையைப் படகின் நடுவில் வைத்தார்கள். நான் கையிலெடுத்துப் பார்த்தேன். கொக்கி அவிழ்க்கப்படவில்லை, மாட்டியபடியே இருந்தது. வட்டம் குலையாமல், ஓர் இடுப்பின் அளவில். உடலை அலை கொண்டுபோயிருந்தால் கச்சையும் கூடவே போயிருக்கும். இதை மட்டும் பதிவு செய்கிறேன். இதிலிருந்து பெறக்கூடிய முடிவு ஒன்றுதான். அது எத்தனை நாள் அங்கே, எந்த நிலையில், எதைச் சுற்றிக் கிடந்தது என்பதைக் கிளீட்டஸ் என்னைவிட முன்பே அறிந்திருக்க வேண்டும். கச்சையை மேலே கொண்டுவந்தபோது அவர் அதைத் தன் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

மழை தொடங்கியபோது கரை சேர்ந்தோம். சுகந்தி இடுப்பளவு நீரில் இறங்கி வந்து படகின் விளிம்பைப் பிடித்தாள். கச்சையைப் பார்த்தாள். கொக்கியைத் தொட்டாள். அவள் கணிதம் கற்பிப்பவள்.

என்னைக் கேட்கவில்லை. கிளீட்டஸைக் கேட்டாள். "அண்ணே, அன்னைக்கே, கடல் அடங்கின ஒடனே, நீங்க போயிருந்தா? அவிய கெடச்சிருப்பாவளா?"

மழைச் சத்தம். கிளீட்டஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சுகந்தியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நேராக, வெகுநேரம்.

"இல்ல மக்ளே" என்றார். "கள்ளக்கடலு அடிச்சுதுல்லா, அன்னைக்கே கொண்டு போயிருக்கும். பெறவு நான் போயிருந்தாலும் ஒண்ணும் கெடச்சிருக்காது. சாரு மேல வருத்தப்படாத."

சாட்சி தெளிவாகவும் தயக்கமின்றியும் கூறினார். வாழ்நாளெல்லாம் சாட்சிகளின் கண்களைப் பார்த்துக் கேள்வி கேட்டவன் நான். கேட்க வேண்டிய கேள்விகள் வரிசையாக நாவில் வந்து நின்றன.

குறுக்கு விசாரணை இல்லை.